குதிரைப் பெட்டியும் பின்பாரமும்

மீர்சாகிப்பேட்டையில் ஜட்கா ஓட்டிப் பிழைத்த வீடுகள் எத்தனையோ. அவற்றில் ஷரஃபுதீன் வீட்டுக்கு மட்டும் ஒரு தனிப் பெருமை உண்டு. அந்த வீட்டுக் குதிரைக்கு முதுகில் புண் வந்து எவனும் பார்த்ததில்லை. மற்றவன் குதிரையெல்லாம் சித்திரை வெயிலில் முதுகு வெந்து ஈ மொய்க்க நிற்கும். ஷரஃபுதீன் குதிரை மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

காரணம் பின்பாரம். சவாரி ஏறும்போது ஜட்காக்காரன், "முன்னுக்கு வா சாமி, நீ கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பானே, அது சும்மா இல்லை. பாரம் முன்னால் சாய்ந்தால் குதிரை மேல் கட்டிய ஏர்க்கால் அதன் முதுகை அழுத்தும். பின்னால் சாய்ந்தால் ஏர்க்கால் மேலே தூக்கும். எல்லா வண்டிக்காரனும் பாரத்தை நடுவில் நிறுத்துவான். ஷரஃபுதீன் மட்டும் நடுவுக்கு ஒரு விரல் பின்னால் நிறுத்துவார். "இழுக்கிறவன் கழுத்து மேல உக்காராதே" என்பது அவர் பிள்ளைகளுக்கு ஓதிவிட்டுப் போன பாடம்.

அவருக்கு இரண்டு சம்சாரம். மூத்தவள் மகன் மெஹபூப் பாஷா தோல் மண்டிக்குப் போய்த் தப்பித்துக்கொண்டான். இளையவள் மகன் அக்பர் பாஷா. வண்டியும் குதிரையும் பின்பாரமும் அவனுக்கு வந்து சேர்ந்தன. அப்பனுடைய பொறுமை மட்டும் வரவில்லை. குதிரை மேல் சவுக்கு படவிடமாட்டான். மனிதரை வாயாலேயே உரித்துவிடுவான். லஸ் முனையில் அவன் வண்டி நின்றால் பக்கத்து வண்டிக்காரன் தன் வண்டியை நகர்த்திக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டுக்கொள்வான்.

பஸ்கள் வந்த பிறகு அந்த வாய்க்கும் வேலை குறைந்தது. மயிலாப்பூரிலிருந்து கோட்டைக்குப் போகும் வக்கீல் குமாஸ்தாக்கள்கூட ஜட்காவைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். அக்பர் பாஷா குதிரையை விற்றான். ஒரு டாக்டர் வீட்டு மோட்டாரைக் கழுவிக் கழுவியே ஓட்டக் கற்றுக்கொண்டான். ஓட்டத் தெரிந்ததே தவிர உட்கார ஸீட்டு கிடைக்கவில்லை. ஸீட்டு வாங்கிக் கொடுத்தவன் அவன் மச்சான் ஷஃபியுல்லா.

ஷஃபியுல்லா யார் என்றால், அக்பர் பாஷாவின் மனைவி அன்வரி பேகத்துக்கு உடன்பிறந்த அண்ணன். லஸ்ஸில் பெரிய பங்களா கட்டியிருந்த காண்டிராக்டர் பாண்டுரங்கத்திடம் குதிரைக்காரனாக இருந்தான். அதிகம் பேசாதவன். வயது முப்பதைத் தாண்டி, அப்போதுதான் ஜாம்பஜாரில் ஜஹனாரா என்ற பெண்ணை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். காண்டிராக்டருக்கு கிண்டியில் ஓடுகிற ஒரு செந்நிறப் பெண்குதிரை இருந்தது. ரேஸ் புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். ஷஃபியுல்லா அதை லாலி என்று கூப்பிடுவான்.

பம்பாய்ப் பணக்காரர்கள் மோட்டாருக்குப் பின்னால் பெட்டி கட்டி அதில் குதிரையை ஏற்றி வருகிறார்கள் என்று பாண்டுரங்கம் கேள்விப்பட்டார். அவ்வளவுதான். தன் குதிரை மட்டும் கிண்டிக்கு நடந்து போவதா என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. பழைய அமெரிக்க மோட்டார் ஒன்றை வாங்கி, பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடித்து, இழுக்கக் கொக்கி வைத்தார். ஓட்ட ஆள் வேண்டும் என்றபோது ஷஃபியுல்லா கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றான்.

"உன் மச்சான் குதிரை தெரிஞ்சவனா, மோட்டார் தெரிஞ்சவனா?" என்று கேட்டார் பாண்டுரங்கம்.

"ரெண்டும் தெரியும் எஜமான். ரெண்டும் தெரிஞ்சவன் இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான்."

காக்கிக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் கிடைத்தன. முதல் நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு அக்பர் பாஷா லஸ் முனை வழியாகவே மோட்டாரை விட்டான். ஜட்காக்காரர்களைப் பார்த்து ஹாரனை அடித்தான். "இன்னாடா, இன்னும் வாலைப் பாத்துக்கினே கீறீங்களா?" என்று கத்திவிட்டுப் போனான். அந்த வாய்க்குப் பிறகு அவனால் திரும்பி அந்த முனைக்கு வண்டிக்காரனாக வர முடியாது. அது அவனுக்கும் தெரியும். அந்த ஸீட்டிலிருந்து இறங்குவதைவிட மவுத்தாகிப் போவது மேல் என்று அன்வரியிடம் அவனே சொல்லியிருக்கிறான்.

குதிரைப் பெட்டியைச் சிந்தாதிரிப்பேட்டையில் கோச்சுப் பட்டறை வைத்திருந்த பக்கிரி செய்தான். இரண்டு சக்கரம், மேலே கூரை, பின்னால் கதவு. உள்ளே முன்பக்கச் சுவரை ஒட்டித் தீவனத்தொட்டி. பெட்டியை மோட்டாரில் மாட்டி லாலியை ஏற்றிப் பார்த்தார்கள். குதிரை தொட்டி அருகே போய் நின்றதும் மோட்டாரின் பின்பக்கம் ஒரு சாண் கீழே இறங்கியது.

அக்பர் பாஷா குனிந்து மோட்டாரின் பின்சக்கரத்தைப் பார்த்தான். "அய்யே, இன்னாய்யா பெட்டி இது? மோட்டார் தெருவோரம் குந்தினவன் மாரி குந்திக்கினு கீது. இடுப்பு ஒடிஞ்சு பூடும்!"

பக்கிரி தலையைச் சொறிந்தான். "பெங்களூர்ல ஒரு துரை பெட்டி பாத்தேன். அதோட அளவு எடுத்துக்கினு வந்து அப்படியே அடிச்சேன்."

"துரைக்கு வண்டி கட்டத் தெரியுமா? எங்கப்பன் நாப்பது வருசம் கட்டினாரு. இழுக்கிறவன் கழுத்து மேல பாரம் வைக்கச் சொல்லி எந்த மடையன் சொன்னான்? தொட்டியப் பேத்து பின்னால தள்ளு."

"உன் பெட்டி, உன் குதிரை. எங்க சொல்றியோ அங்க அடிக்கிறேன். எனக்கு இன்னா?" என்று பக்கிரி ஆணியைப் பிடுங்கினான்.

தொட்டி ஒரு முழம் பின்னால் போயிற்று. லாலி ஏறி நின்றபோது அதன் பின்தொடை கதவில் உரசியது. இப்போது மோட்டார் நிமிர்ந்து நின்றது. அக்பர் பாஷா கொக்கியைக் கழற்றிவிட்டு, குதிரை உள்ளே நிற்கும்போதே பெட்டியின் முன்கட்டையை ஒற்றைக் கையால் மேலே தூக்கிக் காட்டினான். பட்டறையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவனுக்கு அப்பன் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது.

பெட்டி முதல்முறை ஆடியது அடையாற்றுப் பாலத்தில். லாலியைக் கடற்கரையில் ஓடவிட்டுத் திரும்புகிற வேளை. பாலத்து இறக்கத்தில் அக்பர் பாஷா கொஞ்சம் வேகமாக விட்டான். பின்னால் ஏதோ இழுத்தது. வலப்பக்கம் இழுத்துவிட்டு உடனே இடப்பக்கம் இழுத்தது. சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான், ஆட்டம் கூடியது. பிரேக்கை மிதித்தான், பெட்டி பின்னாலிருந்து மோட்டாரின் முதுகில் மோதித் தள்ளியது. நல்லவேளை, இறக்கம் முடிந்து மேடு வந்தது. மேடு தானாகவே வேகத்தைத் தின்றது. பெட்டி அடங்கியது.

குதிரையோடு பெட்டிக்குள் நின்று வந்த ஷஃபியுல்லா இறங்கினான். சட்டை முழுக்கக் குதிரையின் வேர்வை. "மெதுவாப் போ மச்சான். உள்ளே நிக்க முடியலை. நாய் வாலாட்டற மாரி ஆட்டுது."

"கட்டில் போட்டுத் தரட்டுமா? புதுமாப்பிள்ளை, படுத்துக்கினே வருவே."

"தமாஷ் இல்லை. லாலி பயந்து பூட்டுது."

அக்பர் பாஷா பெட்டியைச் சுற்றி வந்தான். ஏன் ஆடியது? ஜட்காவில் ஆள் இல்லாதபோதுதான் வண்டி பின்பக்கம் குதிக்கும். பாரம் ஏறிவிட்டால் அடங்கும். ஆகவே வால் லேசாக இருக்கிறது, அதனால்தான் ஆடுகிறது என்று முடிவு கட்டினான். மறுநாள் கதவோரம் இரண்டு கொள்ளு மூட்டையைப் போட்டான். ஷஃபியுல்லாவையும் குதிரையின் தலைமாட்டிலிருந்து கிளப்பினான்.

"இனிமே நீ பின்னால கதவாண்ட நில்லு."

"நான் மூஞ்சிக்கு நேரா நின்னாத்தான் அதுக்குத் தைரியம் மச்சான்."

"அதும் மூஞ்சியப் பாக்கவா உனக்குச் சம்பளம்? ஜஹனாரா மூஞ்சியப் பாக்கறதுக்கு முந்தி ஒத்திகை பாக்கறியா? பின்னால போடா!"

மோட்டார் கழுவ வந்தவர்கள் சிரித்தார்கள். ஷஃபியுல்லா பின்னால் போய் நின்றான்.

அந்த வருடம் மார்கழி ரேஸில் லாலி முதலாவதாக வந்தது. பாண்டுரங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. "லஸ்ஸுல பாண்டு வாத்தியம் நிக்குது. நான் பின்னாலயே கார்ல வர்றேன். எனக்கு முந்தி குதிரை வாசல்ல நிக்கணும். என் மானம் உன் கையில கீது பாஷா" என்று தோளைத் தட்டினார். தோளில் பட்ட அந்தக் கை அக்பர் பாஷாவுக்குச் சாராயம் மாதிரி ஏறியது.

சின்னமலை ஏறும்வரை ஒன்றுமில்லை. சைதாப்பேட்டைப் பாலத்தைப் பார்த்து இறங்குகிற சரிவு இருக்கிறதே, அங்கே மோட்டாரை அவிழ்த்துவிட்டான். பாதிச் சரிவில் பெட்டி வாலை ஆட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி. பிறகு ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சைவிட அகலம். உள்ளே லாலி பலகையை உதைக்கிற சத்தமும், "மச்சான், மச்சான்" என்ற கத்தலும் கேட்டன. அக்பர் பாஷா பிரேக் மேல் ஏறி நின்றான். மோட்டார் தயங்கியது. பெட்டி தயங்கவில்லை. பின்னாலிருந்து வந்து மோட்டாரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, தானும் சாலையோரம் கவிழ்ந்தது.

தூசி அடங்கியபோது லாலி முன்காலை நீட்டியபடி கிடந்தது. கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பெட்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஷஃபியுல்லாவின் இடது கால் மாட்டிக்கொண்டிருந்தது. அக்பர் பாஷாவுக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு.

பாண்டுரங்கத்தின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி நேரே குதிரையிடம் போனார். அதன் காலைப் பார்த்தார். பக்கத்தில் மனிதன் ஒருவன் கிடந்ததை அவர் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அவனைத் தாண்டித்தான் போனார்.

"யார்டா செஞ்சது இத்த?"

அக்பர் பாஷா அந்தக் கண்ணைப் பார்த்தான். அதில் தன் ஸீட்டு தெரிந்தது. லஸ் முனை தெரிந்தது. அங்கே நிற்கிற அத்தனை ஜட்காக்காரனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. யோசித்தான் என்று சொல்வதற்கில்லை. வாய் தானாகத் திறந்தது.

"தாழ்ப்பாள் போடலை எஜமான். பின்கதவுத் தாழ்ப்பாள். பேமானி, கதவைச் சும்மா சாத்திட்டு நின்னுகினு வந்திருக்கான். கதவு தொறந்துக்கிச்சு, குதிரை பயந்து பின்னால வந்துடுச்சு, பெட்டி பூட்டுது."

நாலு அடி தூரத்தில் ஷஃபியுல்லா கண் விழித்துத்தான் கிடந்தான். மச்சான் பேசியது முழுவதும் அவன் காதில் விழுந்தது. மறுத்துப் பேச வாயைத் திறந்தான். வலியில் முனகல்தான் வந்தது. பாண்டுரங்கம் அவன் தோளில் பூட்ஸ் முனையால் ஒரு தட்டுத் தட்டினார். "தாழ்ப்பாள் போடறதுக்குத்தானேடா உன்னை உள்ளே நிக்க வச்சேன்?" என்றார். ரேஸ் மைதானத்து டாக்டர் துப்பாக்கியோடு வந்து லாலியைச் சுட்டு முடித்த பிறகுதான், பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் காலைத் தொடையோடு எடுத்தார்கள். நினைவு தெளிந்ததும் ஷஃபியுல்லா தங்கையிடம் நடந்ததைச் சொன்னான். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது, பெட்டி தானாக ஆடித்தான் கவிழ்ந்தது, எல்லாம் சொன்னான். அன்வரி கேட்டு அழுதாள். பிறகு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாய்ஜான், எஜமானோட குமாஸ்தா நாளைக்கு வந்து கேப்பாரு. தாழ்ப்பாள் போடலைன்னே சொல்லிடு."

ஷஃபியுல்லா அவள் முகத்தைப் பார்த்தான்.

"உன் கால் போனது போனதுதான். நீ நெசத்தச் சொன்னா அது மொளைக்குமா? அவரு வேலையும் போச்சுன்னா நாலு புள்ளைங்களோட நான் எங்க போவேன்? உனக்குத்தான் யாரு சோறு போடறது?"

குமாஸ்தா வந்தார். ஷஃபியுல்லா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சாமி, நான்தான் தாழ்ப்பாள் போடலை" என்றான். குமாஸ்தா போய்விட்டார். அந்த வாரமே ஜாம்பஜாரிலிருந்து நிச்சயத்துக்குக் கொடுத்த சேலை திரும்பி வந்தது. கால் இல்லாததைக்கூட அவர்கள் பெரிதாகச் சொல்லவில்லை. அசட்டையான ஆளுக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மச்சான் வீட்டு மூலையில் ஷஃபியுல்லாவுக்கு ஒரு பாய் கிடைத்தது. உண்மை தெரிந்த ஒருவனைத் தினமும் பார்த்துக்கொண்டு சோறு தின்பது அக்பர் பாஷாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டத்துக்கு அவனிடம் இருந்த மருந்து வாய் ஒன்றுதான். மச்சானுக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தான்.

"இன்னா தாழ்ப்பாள், சாப்டியா?" என்பான் வேலைக்குப் புறப்படும்போது. "தாழ்ப்பாளைத் தாண்டிப் போங்க, பாத்து, தொறந்துக்கப் போவுது" என்பான் வீட்டுக்கு வந்தவர்களிடம். தெருவுக்குப் பிடித்துப்போயிற்று. பால்காரனும் தாழ்ப்பாள் என்றான், மசூதியில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவனும் தாழ்ப்பாள் என்றான். ஒருநாள் அன்வரியே அவசரத்தில், "தாழ்ப்பாளுக்குத் தண்ணி குடு" என்று மகளிடம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஷஃபியுல்லா தண்ணீரை வாங்கிக் குடித்தான்.

பாண்டுரங்கம் பெட்டியைப் பழுது பார்த்தார். பூனாவிலிருந்து ஒரு கறுப்புக் குதிரை வந்து இறங்கியது. லாலியைவிடப் பெரியது.

"பாஷா, இதுக்கு நான் கொட்டிக் கொடுத்தது எனக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை கிண்டிக்கு இட்டுகினு போய்ட்டு வா. இதுவும் பூட்டா, உன்னை உரிச்சு மரத்துல கட்டிடுவேன். குதிரைக்காரன் எவனும் உள்ளே வேணாம். தாழ்ப்பாளை நீயே போட்டு நீயே பாரு."

அக்பர் பாஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. தாழ்ப்பாளுக்கும் பெட்டி ஆடியதற்கும் சம்பந்தமில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஏன் ஆடியது என்பதுதான் தெரியாது. வால் லேசு என்று மூட்டை போட்டான், இன்னும் மோசமாக ஆடியது. ஒருவேளை மூட்டை போதவில்லையோ? பெட்டிக்குள் நின்றுகொண்டே அந்த ஆட்டத்தைப் பார்த்தவன் ஒருவன்தான். அவன் தன் வீட்டு மூலையில் பாயில் கிடக்கிறான்.

சனிக்கிழமை பகலில் அன்வரி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மெஹபூப் பாஷா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்பர் பாஷா பாய்க்குப் பக்கத்தில் வந்து குந்தினான். பீடி ஒன்றைப் பற்றவைத்து நீட்டினான். ஷஃபியுல்லா வாங்கிக்கொண்டான்.

"மச்சான்" என்றான் அக்பர் பாஷா. தாழ்ப்பாள் என்று சொல்லவில்லை. "அன்னிக்குப் பெட்டி ஏன் ஆடிச்சு?"

ஷஃபியுல்லா சிரித்தான். "தாழ்ப்பாள் போடலை. அதான்."

"வுடு மச்சான். மெய்யாலுமே கேக்கறேன்."

"குமாஸ்தா கேட்டாரு, சொன்னேன். ஊரே கேட்டுச்சு, சொன்னேன். உனக்கு மட்டும் வேற சொல்லணுமா?"

அக்பர் பாஷா கையைக் கூப்பவில்லை. ஆனால் தலை தாழ்ந்தது. ஷஃபியுல்லா அதைப் பார்த்தான். பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

"முன்னால வை" என்றான்.

"இன்னாது?"

"பாரத்தை முன்னால வை. பக்கிரி எங்க தொட்டி வச்சானோ அங்கயே வை. அடையாத்துல ஒரு தபா நீ பாக்காதப்ப லாலியோட கழுத்தைத் தொட்டி மேல நீட்டி முன்சுவரோட சேத்து இழுத்துக் கட்டினேன். நானும் முன்னால நின்னேன். மூட்டையையும் முன்னால இழுத்துப் போட்டேன். அன்னிக்கு வூடு வரைக்கும் பல்லக்கு மாரி வந்துச்சு. நீ எறங்கி வந்து, பாத்தியா என் ஓட்டம்னு மார் தட்டினே. பின்னால பாரம் போட்டாத்தான் அது வாலாட்டுது. ஆடினா பிரேக்கைத் தொடாதே. காலை எடுத்துடு, சக்கரத்தை நேராப் புடிச்சுக்கோ, அது தானா அடங்கும். மேட்டுல அப்படித்தானே அடங்கிச்சு?"

அக்பர் பாஷா அவன் முகத்தைப் பார்த்தான். பாய் முடிகிற இடத்தைப் பார்த்தான். அங்கே ஒரு கால்தான் இருந்தது.

முன்னால் பாரமா? அப்பன் கபரிலிருந்து எழுந்து வந்து செருப்பால் அடிப்பார். இழுக்கிறவன் கழுத்தில் பாரத்தை வைத்தால் மோட்டாரின் இடுப்பு முறியாதா? இவன் ஏன் இதைச் சொல்கிறான்? நான் இவன் இடத்தில், இந்தப் பாயில், இந்த ஒற்றைக் காலோடு கிடந்தால், என்னைக் கிடத்தினவன் வந்து வழி கேட்டால் என்ன சொல்வேன்? குழிக்குத்தான் வழி சொல்வேன். கூசாமல் சொல்வேன். பீடியையும் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்வேன்.

"சரி மச்சான்" என்று எழுந்தான் அக்பர் பாஷா. அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. முன்னால் வை என்று இவன் சொன்னால் பின்னால்தான் வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கதவோரம் நாலு மூட்டை அடுக்கினான். கறுப்புக் குதிரையைக் கதவை ஒட்டிக் கட்டினான். தாழ்ப்பாளைப் போட்டு, மேலே கயிறும் சுற்றினான். போகும்போது குதிரை பழகட்டும் என்று ஊர்ந்துதான் போனான். ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது பாண்டுரங்கம் பின்னால் காரில் வந்தார். வேகமாகப் போ, வேகமாகப் போ என்று ஹாரன் அடித்தார். அதே சின்னமலை, அதே சரிவு. ஆட்டம் தொடங்கியபோது காலை எடு என்று ஷஃபியுல்லா சொன்னது காதில் கேட்டது. காலை எடுக்க வந்தவன், அதுவும் அவன் சொன்னதுதானே என்று நினைத்து முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தான்.

இந்த முறை பெட்டி மூன்று தரம் புரண்டது. கொள்ளு சாலை முழுக்கச் சிதறியது. சைதாப்பேட்டைச் சனங்கள் ஓடி வந்து குதிரையைப் பார்த்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், பிறகு கொள்ளை மடியில் அள்ளினார்கள். குதிரை கழுத்து முறிந்து கிடந்தது. அக்பர் பாஷா மீது ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவனுக்கு வந்த கேடு. சுற்றிப் பார்த்தான், பழி போட ஒருவனும் அடிபட்டுக் கிடக்கவில்லை.

பாண்டுரங்கம் கதவைக் காட்டினார். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது, கயிறு சுற்றியபடி இருந்தது. "இந்தத் தபா யார்டா?" என்று கேட்டார். அக்பர் பாஷாவின் வாய் திறக்கவில்லை. சனங்கள் பார்க்க, பித்தளைப் பொத்தான் தெறிக்க, கோட்டைக் கழற்றிக்கொண்டார்கள். பனியனோடு மீர்சாகிப்பேட்டை வரை நடந்தான். லஸ் முனையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகலாம் என்று நினைத்து, அந்த வழியிலும் ஒரு ஜட்கா வந்ததால் சாக்கடை ஓரம் ஒதுங்கி நின்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அன்வரி அவன் பனியனைப் பார்த்தாள். கோட்டு எங்கே என்று கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சா?"

"போச்சு."

மூலையிலிருந்து ஷஃபியுல்லா, "முன்னால வச்சியா?" என்று கேட்டான்.

அக்பர் பாஷா மனைவியைப் பார்த்தான். அவள் பார்வை அவன் மேல் இருந்தது. எஜமானின் கண் இருந்த மாதிரியே இருந்தது. வாய் மறுபடியும் தானாகத் திறந்தது.

"வச்சேன்" என்றான். "உங்க அண்ணன் பேச்சைக் கேட்டு முன்னால வச்சேன் அன்வரி. நேத்து பகல்ல கேட்டேன், நல்லவன் மாரி சொன்னான். அதான் கவுந்துச்சு."

அன்வரி மெல்ல எழுந்தாள். "பாய்ஜான், நீயா சொன்னே?"

"முன்னால வைன்னு சொன்னது நெசம். ஆனா இவன் வக்கலை."

"வக்கலைன்னு நீ பாத்தியா? பாய்ல படுத்துக்கினே பாத்தியா?"

"வச்சிருந்தா கவுந்திருக்காது."

"எத்தினி நாளா மனசுல வச்சிருந்தே இத்த? என் கையால சோறு துன்னுகினே எம் புள்ளைங்க வாயில மண்ணு போட எத்தினி நாளாக் காத்துகினு இருந்தே?"

"அன்வரி, அல்லா மேல ஆணை..."

"உன் பேச்சை எவன் நம்புவான்? தாழ்ப்பாள் போடாத கைதானே அது!"

ஷஃபியுல்லா அசையாமல் அவளைப் பார்த்தான். "அத்தச் சொல்லச் சொன்னதே நீதானே" என்றான், குரல் உயராமல்.

"நான் சொல்லச் சொன்னேன். நீ போட்டிருந்தா நான் ஏன் சொல்லச் சொல்றேன்?"

ஷஃபியுல்லா பாயைச் சுருட்டினான். ஊன்றுகட்டையை இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தான். இரண்டு லுங்கி, ஒரு சட்டை, குதிரை தேய்க்கிற பிரஷ் ஒன்று. அன்வரியே மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தாள். அவன் படி இறங்கும்போது தடுமாறினான். யாரும் பிடிக்கவில்லை. குழாயடியில் நின்றவர்கள், "தாழ்ப்பாளு எங்க பொறப்பட்டுச்சு?" என்று கேட்டார்கள். எங்கே போனான் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. திருவான்மியூர்ப் பக்கம் பார்த்ததாக மெஹபூப் பாஷாவின் மருமகன் ஒருமுறை சொன்னான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அக்பர் பாஷா அன்று கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். பிள்ளைகள் தின்றதுபோக இருந்த சோறு இருவருக்குத்தான் காணும். அன்வரி முழுவதையும் அவன் தட்டில் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். நாலு பேர் கண் பட்டுவிட்டது, எல்லாரையும் நம்பிக் கெட்டுப்போகிற மனசு உங்களுக்கு என்று சொல்லி அழுதாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தான்.